தப்பே நடக்காத வார்டு

அரசு அலுவலகமோ தனியார் கம்பெனியோ, பெரிய அதிகாரியின் அறைக்கு வெளியே தினமும் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. கையில் கோப்போடு வருபவர் கதவருகே இருக்கும் உதவியாளரிடம் குனிந்து கேட்பார்: "சார் இன்னிக்கு மூடு எப்படி?" உதவியாளர் உதட்டைப் பிதுக்கினால் கோப்பு வந்த வழியே திரும்பிவிடும். அதில் இருப்பது லீவு விண்ணப்பம் என்றால் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம். புதிதாகக் கட்டிய பாலத்தில் விரிசல் விட்டிருக்கிறது என்ற தகவல் என்றால்?

அதே ஆளிடம் டீக்கடையில் வைத்து அந்த அதிகாரியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "கண்டிப்பான மனுஷன். ஆனா ஒண்ணு, அவர் சீட்ல இருக்கிற வரைக்கும் ஒரு தப்பு நடக்காது" என்பார். காலையில் உதவியாளரிடம் மூடு விசாரித்தவரும் இவர்தான். கெட்ட செய்தியை உள்ளே கொண்டுபோகவே தயங்கும் ஒருவர், அங்கே தப்பு நடப்பதில்லை என்று சத்தியம் செய்கிறார்.

கண்டிப்பான தலைவருக்குக் கீழ் உண்மையிலேயே தவறு குறைகிறதா? பார்த்தால் சுலபமான கேள்வி. தவறுகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும். அப்படி எண்ணப்போன ஓர் ஆய்வாளருக்கு நேர்ந்ததைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப்போகிறோம்.

எட்டு வார்டுகள்

ஏமி எட்மண்ட்சன் பொறியாளராகத் தொடங்கியவர். கோள வடிவக் கூரைகளால் புகழ்பெற்ற பக்மின்ஸ்டர் ஃபுல்லரிடம் தலைமைப் பொறியாளராக இருந்தவர். கட்டடங்களை விட்டு மனிதர்கள் பக்கம் திரும்பி, 1990களின் தொடக்கத்தில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அப்போது அமெரிக்க மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நடக்கும் தவறுகளைப் பற்றி ஒரு பெரிய ஆய்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு மருந்துக்கு இன்னொரு மருந்து, கூடுதல் டோஸ், கொடுக்க மறந்த டோஸ் என எல்லாம் கணக்கில் வரும். பயிற்சி பெற்ற செவிலியர்கள் ஆறு மாதம் வார்டு வார்டாகச் சென்று கேஸ் ஷீட்டைப் புரட்டினார்கள், அங்கிருப்பவர்களிடம் பேசினார்கள், ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார்கள்.

எட்மண்ட்சனின் பங்கு இதில் சிறியது. இரண்டு மருத்துவமனைகளைச் சேர்ந்த எட்டு வார்டுகளில் ஒரு கேள்வித்தாளைக் கொடுத்து, எந்த வார்டில் ஊழியர்கள் ஒற்றுமையாக வேலை செய்கிறார்கள், எங்கே தலைமை நன்றாக இருக்கிறது என்று மதிப்பெண் போடவேண்டும். பிறகு அந்த மதிப்பெண்ணைத் தவறுகளின் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். நல்ல குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பதுதான் அவருடைய எதிர்பார்ப்பு. நீங்களும் நானும் அப்படித்தான் எதிர்பார்த்திருப்போம்.

கணினி நேர்மாறாகச் சொன்னது. நல்ல தலைமை என்று பெயர் வாங்கிய வார்டுகளில் தவறு அதிகம். மோசமான மதிப்பெண் பெற்ற வார்டுகளில் தவறு குறைவு. வார்டுக்கு வார்டு வித்தியாசம் பத்து மடங்கு வரை போயிற்று.

இந்த இடத்தில் பலர் இரண்டு முடிவுகளில் ஒன்றுக்கு வந்திருப்பார்கள். ஒன்று, ஆய்வு சொதப்பிவிட்டது என்று மூட்டைகட்டுவது. அல்லது, செல்லம் கொடுத்தால் வேலை கெடும் என்ற பழைய நம்பிக்கைக்கு விஞ்ஞானம் முத்திரை குத்திவிட்டதாக அறிவிப்பது. எட்மண்ட்சனுக்கு வேறொரு சந்தேகம் வந்தது. எண்ணப்பட்டவை நடந்த தவறுகளா, வெளியே சொல்லப்பட்ட தவறுகளா? கேஸ் ஷீட்டில் எல்லாமே ஏறிவிடுவதில்லை. யாராவது வாயைத் திறந்தால்தான் பல தவறுகள் தெரியவரும்.

சந்தேகத்தைச் சோதிக்க ஓர் உதவியாளரை அனுப்பினார். எந்த வார்டில் எத்தனை தவறு என்பதும் அந்த உதவியாளருக்குத் தெரியாது, எட்மண்ட்சன் மனதில் என்ன ஓடுகிறது என்பதும் தெரியாது. போய் உட்கார்ந்து கவனித்து, பேசி, எங்கே ஊழியர்கள் மனம்விட்டுப் பேசுகிறார்கள் என்று வரிசைப்படுத்தித் தரவேண்டும். அவர் கொடுத்த வரிசையும் தவறுகளின் எண்ணிக்கை வரிசையும் ஏறத்தாழ அச்சாகப் பொருந்தின.

இரண்டு இன்சார்ஜ் சிஸ்டர்கள்

1996இல் வெளியான அந்த ஆய்வுக் கட்டுரையில் எனக்குப் பிடித்தது புள்ளிவிவரத்தைவிட இரண்டு தலைமைச் செவிலியர்களைப் பற்றிய குறிப்புகள்தான். நம் ஊர் வழக்கில் சொன்னால் இன்சார்ஜ் சிஸ்டர்கள்.

பட்டியலில் அதிகத் தவறுகளைக் காட்டிய வார்டின் இன்சார்ஜ், மற்ற செவிலியர்கள் போடும் அதே வார்டு உடையில் வேலைக்கு வருவார். ஓரளவு தவறு எப்போதும் நடக்கத்தான் செய்யும், தண்டனைப் பயம் இருந்தால் அதைச் சரிசெய்ய முடியாது என்பது அவருடைய கட்சி. ஏதாவது தவறிப்போனால் செவிலியர்கள் தாங்களாகவே அவரிடம் போய்ச் சொல்வார்கள்.

மிகக் குறைந்த தவறுகளைக் காட்டிய வார்டின் இன்சார்ஜ் கம்பெனி நிர்வாகி மாதிரி கோட்டு அணிந்து வருவார். அங்கே ஒரு தவறு தெரிந்துவிட்டால் விசாரணைக் கூண்டில் நிற்பதுபோல இருக்கும் என்றும், சின்னப் பிள்ளையை நடத்துவதுபோல நடத்துவார் என்றும் ஊழியர்கள் சொன்னார்கள். அந்த இன்சார்ஜின் பார்வையில் தன் வார்டு ஒழுங்காக நடக்கிறது. கையில் இருக்கும் கணக்கும் அதைத்தான் சொல்கிறது.

எட்டு வார்டு என்பது சின்ன மாதிரி. மனம்விட்டுப் பேசும் வார்டில் உண்மையான தவறு குறைவு என்று இந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. பேச்சு அடங்கிய இடத்தில் கிடைக்கும் எண்ணிக்கையை நம்பக்கூடாது என்று மட்டும்தான் காட்டியது. அதுவே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன்.

ஒரு கணக்கு போடுவோம்

அந்த எண்ணிக்கையை நம்பினால் என்ன ஆகும் என்று பார்க்க ஒரு கற்பனைக் கணக்கு. பென்சில் எடுத்துக்கொண்டால் நல்லது.

முதல் வார்டு, இரண்டாம் வார்டு. இரண்டிலும் மாதத்துக்கு உண்மையில் 20 மருந்துத் தவறுகள் நடக்கின்றன. முதல் வார்டில் 18 தவறுகள் பதிவாகின்றன. இரண்டாம் வார்டில் 2. மாதாந்திரக் கூட்டத்தில் திரையில் ஒரு நீண்ட பட்டை, ஒரு குட்டிப் பட்டை. இரண்டாம் வார்டு இன்சார்ஜுக்குக் கைதட்டல். முதல் வார்டு இன்சார்ஜுக்கு, எழுத்துபூர்வமாக விளக்கம் கொடுக்கச் சொல்லி மெமோ.

இப்போது அந்த 18ஐப் பிரித்துப் பார்ப்போம். அவற்றில் 6, பொட்டாசியம் குளோரைடு ஆம்பூலைக் காய்ச்சி வடித்த நீர் ஆம்பூல் என்று நினைத்து எடுத்தவை என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் நிறமற்ற திரவம், பக்கத்துப் பக்கத்து டப்பா. பொட்டாசியம் குளோரைடைக் குளுக்கோஸ் அல்லது சலைன் பாட்டிலில் கலந்து மெதுவாக ஏற்றினால் மருந்து. அப்படியே செறிவாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுபோகும். உலகில் பல மருத்துவமனைகள் இந்த ஆம்பூலை வார்டு அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டதற்குக் காரணம் இதுதான். நம் முதல் வார்டில் ஆறு முறையும் ஊசியில் ஏற்றுவதற்கு முன் யாரோ கவனித்துவிட்டார்கள். கவனித்தவர்கள் சொன்னார்கள். ஆறும் ஒரே காகிதத்தில் வரிசையாக வந்ததும், தவறு ஆளிடம் இல்லை, அலமாரியில் இருக்கிறது என்று இன்சார்ஜுக்கு உறைக்கிறது. டப்பா இடம் மாறுகிறது. அடுத்த மாதம் தவறு 14.

இரண்டாம் வார்டிலும் அதே அலமாரி, அதே டப்பாக்கள், அதே ஆறு தவறுகள். ஆனால் அவை ஆறு செவிலியர்களின் மனதுக்குள் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒவ்வொருவரும் தனக்குத்தான் அன்று கண் மங்கிவிட்டது என்று நினைத்து, சாமிக்கு வேண்டிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். அடுத்த மாதமும் 20.

ஆறு மாதம் கழித்து முதல் வார்டில் உண்மையான தவறு 9 ஆகிவிட்டது, பதிவானது 8. இரண்டாம் வார்டில் உண்மை இன்னும் 20, பதிவு இன்னும் 2. படுப்பதற்கு எந்த வார்டு நல்லது என்று கேட்டால் உங்களுக்குச் சந்தேகமே இராது. மேலிடத்துத் திரையில் மட்டும் முதல் வார்டு இப்போதும் நான்கு மடங்கு மோசம். அடுத்த ஆண்டு "தவறே இல்லாத வார்டு" என்று ஒரு பரிசை அறிவித்தால், முதல் வார்டும் வாயை மூடக் கற்றுக்கொள்ளும்.

முதல் வார்டில் வாய் திறக்கவைத்த மனநிலையை எட்மண்ட்சன் பின்னாளில் அலசி, 1999இல் ஓர் உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை வைத்து எழுதினார். சந்தேகம் கேட்டாலோ தவறை ஒப்புக்கொண்டாலோ குழுவுக்குள் அவமானப்பட மாட்டோம் என்ற நம்பிக்கைதான் அது. அதை உளப் பாதுகாப்பு என்று சொல்கிறார்கள்.

அவர் வெளியே போனதும்

"அப்படியானால் கண்டிப்பே வேண்டாமா? கண்டிப்பு இருந்தால்தானே வேலை நடக்கும்?" நடக்கும். அதையும் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் பெர்லினை விட்டு அமெரிக்கா போன யூத உளவியலாளர் குர்த் லெவின். சர்வாதிகாரம் மனிதர்களை என்ன செய்கிறது என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வி இல்லை. 1930களின் இறுதியில் அயோவா பல்கலைக்கழகத்தில் ரொனால்டு லிப்பிட், ரால்ஃப் வைட் என்ற இளைஞர்களோடு சேர்ந்து, பத்து வயதுப் பையன்களைக் கொண்டு பள்ளிக்குப் பிந்தைய கைவினை மன்றங்களை அமைத்தார். மன்றத்துக்கு ஐந்து பையன்கள். ஒவ்வொரு மன்றத்துக்கும் தலைவர்கள் மாறி மாறி வந்தார்கள். ஒருவர் எல்லாவற்றையும் தானே தீர்மானித்து ஆணையிடுவார். இன்னொருவர் பையன்களோடு கலந்து முடிவெடுப்பார். மூன்றாமவர் பொருள்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார். இந்த மூன்றாவது வகை திட்டத்திலேயே இல்லை. கலந்து முடிவெடுக்கும் தலைவராக நடிக்கப்போன வைட், பையன்களைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிட்டார். மன்றம் சந்தைக்கடை ஆவதைப் பார்த்த லெவின், அதையே தனி வகையாக ஆக்கிவிட்டார்.

முடிவுகளில் இரண்டு ஜோடி எண்களைப் பாருங்கள். ஆணையிடும் தலைவருக்கு அடங்கிப்போன மன்றங்களில், தலைவர் அறையில் இருக்கும்போது பையன்கள் 74 சதவீத நேரம் வேலையில் இருந்தார்கள். கலந்து பேசும் தலைவரின் மன்றத்தில் 50 சதவீதம்தான். ஆணைக்கே வெற்றி! பிறகு தலைவர் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே போவார். ஆணை மன்றத்தில் 74 என்பது 29க்கு விழுந்தது. கலந்து பேசும் மன்றத்தில் 50 என்பது 46 ஆனது, அவ்வளவுதான். ஒதுங்கியிருந்த தலைவரின் மன்றத்தில் அவர் உள்ளே இருக்கும்போதே 33 சதவீதம்தான் வேலை. "நல்ல மனுஷன், எதையும் கேட்கமாட்டார்" என்று பெயரெடுத்த மேலாளர்கள் இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளலாம்.

பத்து வயதுப் பையன்களின் சதவீதத்தை அப்படியே உங்கள் அலுவலகத்துக்குப் பொருத்தக்கூடாது. ஆனால் கண்டிப்பான தலைவர் தன் முறையை ஏன் அவ்வளவு நம்புகிறார் என்பது இதில் விளங்குகிறது. அவர் பார்த்ததெல்லாம் 74ஐத்தான். 29ஐப் பார்க்க அவர் அறைக்குள் இருக்கவேண்டும், இருந்தால் அது 29ஆக இருக்காது.

கண்ணைக் கட்டிக்கொண்டு கூடாரம்

தலைவரின் மனநிலை எப்படிப் பரவுகிறது? ஆணையோ மெமோவோ வேண்டாம், முகமே போதும்.

தாமஸ் சை என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 2005இல் வெளியிட்ட ஒரு சோதனை இது. ஒரு சிறு குழுவின் தலைவருக்கு மட்டும் தனியே ஒரு வீடியோ காட்டினார்கள். சிலருக்கு நகைச்சுவை நிகழ்ச்சி, சிலருக்கு மனதைக் கலக்கும் ஆவணப்படம். பிறகு குழு முழுவதும் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு கூடாரம் அடிக்கவேண்டும். வீடியோவைப் பற்றி மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனாலும் தலைவரின் மனநிலை குழுவைத் தொற்றிக்கொண்டது. சிரித்துவிட்டு வந்த தலைவரின் குழு ஒருவருக்கொருவர் இசைந்து வேலை செய்தது. கசப்போடு வந்தவரின் குழு கூடுதலாக முயன்றது, ஆனால் இசைவு குறைவு. கசப்பிலும் ஒரு பயன் இருக்கிறது என்பதை மறைக்காமல் சொன்னதற்காகவே இந்த ஆய்வை மதிக்கிறேன். எப்போதும் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது தலைமை ஆகிவிடாது.

எவ்வளவு அறிவியல், எவ்வளவு வியாபாரம்

இங்கேதான் உணர்வு நுண்ணறிவு என்ற சொல் வருகிறது. 1990இல் பீட்டர் சலோவே, ஜான் மேயர் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை ஒரு திறமையாக வரையறுத்தார்கள். பின்னர் நான்காகப் பிரித்தார்கள்: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கண்டுகொள்வது, அந்த உணர்வைச் சிந்தனைக்குப் பயன்படுத்துவது, அது எங்கிருந்து வந்து எங்கே போகும் என்று புரிந்துகொள்வது, அதைக் கையாள்வது. அடக்கமான ஆய்வுக் கட்டுரை. 1995இல் பத்திரிகையாளர் டேனியல் கோல்மன் அதே பெயரில் எழுதிய புத்தகம் உலகெங்கும் விற்றது. அதன்பின் பயிற்சி வகுப்புகள், சான்றிதழ்கள், சுயமதிப்பீட்டுத் தாள்கள்.

தலைவலி அந்தத் தாள்களில்தான். "நான் பிறர் மனதைப் புரிந்துகொள்கிறேன்: ஆம், ஓரளவு, இல்லை." எந்த மேலாளர் இல்லை என்று குறிப்பார்? 2010இல் பீட்டர் ஹார்ம்ஸ், மார்கஸ் கிரெடே இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். உணர்வு நுண்ணறிவையும் தலைமைத் திறனையும் ஒரே ஆள் மதிப்பிட்டால் இரண்டுக்கும் நெருங்கிய உறவு தெரிந்தது. ஒன்றை ஒருவரும் மற்றதை வேறொருவரும் மதிப்பிட்டபோது அந்த உறவு மிகவும் இளைத்துவிட்டது. முகஸ்துதியைக் கழித்தால் மிஞ்சுவது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்தை நான் தள்ளிவிடவில்லை. அதைத் தலைவரைக் கேட்டு அளக்கமுடியாது, அவருக்குக் கீழ் இருப்பவர்களிடம்தான் அளக்கவேண்டும் என்கிறேன்.

கோல்மன் 2000இல் எழுதிய கட்டுரையில் தலைமைப் பாணிகளை ஆறாகப் பிரித்தார். ஆலோசனை நிறுவனத்தின் தரவு என்பதால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்கவேண்டும். ஆனாலும் அதில் ஓர் இனம் நமக்கு நன்கு தெரிந்தது: தானே முன்னால் ஓடி எல்லோரையும் தன் வேகத்துக்கு இழுப்பவர். கெட்டிக்கார விற்பனையாளரோ பொறியாளரோ பதவி உயர்வு பெற்றால் பெரும்பாலும் இப்படி ஆகிறார். ஒரு தடவை யாராவது தடுமாறினால், "விடு, நானே பண்ணிக்கிறேன்" என்பார். அவர் ஒருபோதும் அதட்டுவதில்லை. ஆனாலும் அடுத்த முறை தடுமாற்றம் அவர் காதுக்கு வராது.

நல்ல கேப்டனிடமும் ஏன் சொல்லவில்லை?

மெளனத்துக்குக் கொடுங்கோலன் தேவையில்லை. 1978 டிசம்பர் 28 அன்று யுனைட்டெட் விமானம் 173 அமெரிக்காவின் போர்ட்லாந்தை நெருங்கியது. சக்கரம் இறங்கும்போது வழக்கத்துக்கு மாறான சத்தம். அனுபவம் மிக்க கேப்டன் பயணிகளின் பாதுகாப்பை நினைத்து, சக்கரத்தைப் பற்றியும் அவசரத் தரையிறக்கத்தைப் பற்றியும் யோசித்தபடி ஏறத்தாழ ஒரு மணி நேரம் வானிலேயே சுற்றினார். எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானிக்கும் விமானப் பொறியாளருக்கும் அது தெரியும். குறிப்பாகச் சொன்னார்கள், அழுத்திச் சொல்லவில்லை. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக அணைந்து விமானம் புறநகரில் விழுந்தது. 189 பேரில் 10 பேர் இறந்தார்கள்.

ஜார்ஜியா பல்கலைக்கழகத்தின் சிட்னி ரோசன், ஏப்ரஹாம் டெசர் இருவரும் 1970லேயே இதன் வேரைத் தொட்டிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்குத் தொலைபேசியில் வந்த செய்தியைச் சொல்லவேண்டும் என்று வைத்தார்கள். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொன்னார்கள், கெட்ட செய்தி என்றால் மென்று விழுங்கினார்கள். அங்கே மேலதிகாரியும் இல்லை, நம் ஊர் அரசு ஊழியர்கள் அஞ்சும் 17பி ஒழுங்கு நடவடிக்கையும் இல்லை. அப்போதே இப்படி என்றால் சம்பளம் போடுபவரிடம் எப்படி இருக்கும்? ஒன்றும் செய்யாமல் நல்லவராக மட்டும் இருக்கும் தலைவருக்கும் கெட்ட செய்தி வந்து சேராது. அவர் போய்க் கேட்டு வாங்கவேண்டும்.

போர்ட்லாந்துக்குப் பிறகு யுனைட்டெட் நிறுவனம் 1981இல் விமானிகளுக்கு ஒரு பயிற்சியைத் தொடங்கியது. கேப்டன் கேட்கவும், மற்றவர்கள் தயங்காமல் சொல்லவும் பழகும் பயிற்சி. 1989 ஜூலை 19 அன்று அதே நிறுவனத்தின் விமானம் 232, நடுவானில் பின் எஞ்சின் வெடித்து, விமானத்தைத் திருப்பும் ஹைட்ராலிக் அமைப்பு முழுவதையும் இழந்தது. கேப்டன் ஆல் ஹெய்ன்ஸ் தன் சகாக்களை யோசனை கேட்டார். பயணியாக வந்திருந்த பயிற்சி விமானி டெனிஸ் ஃபிட்சை உள்ளே அழைத்து, எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைத்தே விமானத்தைத் திருப்பும் வேலையைக் கொடுத்தார். விமானம் சூ சிட்டியில் விழுந்து உடைந்தது. இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். அந்தப் பயிற்சி இல்லாவிட்டால் முடிந்திருக்காது என்று ஹெய்ன்ஸ் பல மேடைகளில் சொன்னார். அவசரத்தில் ஆணையிடவேண்டும் என்பது சரி. இறுதி ஆணை ஹெய்ன்ஸுடையதாகத்தான் இருந்தது, ஆனால் பலரைக் கேட்டபின் வந்த ஆணை.

யாரை மன்னிப்பது

எல்லாத் தவறையும் தட்டிக்கொடுக்கச் சொல்கிறேன் என்று நினைத்துவிட வேண்டாம். குடித்துவிட்டு வேலைக்கு வந்தவருக்கும் பதிவேட்டைத் திருத்தியவருக்கும் 17பிதான் சரி. கை தவறி எடுத்த ஆம்பூலுக்கும் அதே மருந்து கொடுத்தால் அலமாரி மாறாது. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாதவர் எத்தனை பயிற்சி வகுப்புக்குப் போனாலும் பயனில்லை.

நீங்கள் நான்கு பேருக்காவது மேலாளராக இருந்தால், இந்த மாதம் உங்களுக்கு வந்த கெட்ட செய்திகளை ஒரு தாளில் எழுதுங்கள். யார் சொன்னது, நடந்து எத்தனை நாள் கழித்துச் சொன்னது என்பதையும் பக்கத்தில் குறியுங்கள். தாள் காலியாக இருந்தால், அடுத்து வரும் முதல் கெட்ட செய்திக்கு "யார் செய்தது?" என்று கேட்காதீர்கள். "எப்போது தெரிந்தது, இப்போது என்ன உதவி வேண்டும்?" என்று கேளுங்கள். யார் என்ற கேள்வியை மறுநாளைக்கு வைத்துக்கொள்ளலாம்.